80டி கேமராவில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகவில்லை, ரீசெட் செய்தும் அப்படியே இருக்கிறது

கடியபட்டணம் பொண்ணு:
வணக்கம். இரண்டு வாரம் முன்பு நாகர்கோவிலில் ஒருவரிடம் கேனான் 80டி பழையது வாங்கினேன், 18-135 லென்ஸோடு. வெளியே ஒரு கீறல் கிடையாது. ஆனால் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆவதே இல்லை. முழுசாக அழுத்தினால் படம் விழுகிறது, எல்லாம் மங்கல். லென்ஸில் ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) பக்கம்தான் வைத்திருக்கிறேன். அதே லென்ஸை மாமா மகன் கேமராவில் மாட்டினால் நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 200-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது.

சர்வீஸ் கடையில் காட்டினேன். உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. அப்பா இந்த வருஷத்தோடு கடலுக்குப் போவதை நிறுத்துகிறார். அதற்குள் அவர் வள்ளம் கரையேறுகிற படம் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் கேமராவே வாங்கினேன். யாராவது சொல்லுங்கள்.

தக்கலை அண்ணன்:
தங்கச்சி, காசு கொடுத்துவிடாதே. முதலில் ரீசெட் செய்து பார். மேலே இருக்கிற டயலை பி-யில் (புரோகிராம் மோடு) வைத்துக்கொள், சி1, சி2-வில் (நாமே சேமித்து வைக்கிற மோடுகள்) இருந்தால் ரீசெட் ஆகாது. மெனுவில் ஸ்பேனர் படம் போட்ட பக்கத்தில் 'கிளியர் ஆல் கேமரா செட்டிங்ஸ்' இருக்கும். அப்புறம் கஸ்டம் ஃபங்ஷன்ஸுக்குத் தனியாக ஒரு கிளியர் உண்டு, அதையும் கொடு.

கடியபட்டணம் பொண்ணு:
இரண்டும் செய்தேன் அண்ணா. ஐஎஸ்ஓ 100 வந்துவிட்டது! ஆனால் ஃபோகஸ் பழையபடியேதான். அப்படியானால் போர்டுதானா?

குளச்சல்:
ஃபோகஸ் மோட்டார் போயிருக்கும். என் நண்பனுக்கும் இப்படித்தான் ஆனது.

மணக்குடி காயல்:
மோட்டார் இல்லை. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது, அந்த லென்ஸ்தான் இன்னொரு கேமராவில் ஓடுகிறதே.

தங்கச்சி, கேமராவின் பின்பக்கம் வலது கைப் பெருவிரல் படுகிற இடத்தில் ஏஎஃப்-ஆன் என்று ஒரு பட்டன் இருக்கும். வாசலில் நிற்கிற தென்னையைப் பார்த்து அதை மட்டும் அழுத்து. ஃபோகஸ் ஆகிறதா என்று சொல்.

கடியபட்டணம் பொண்ணு:
ஆகிறது அண்ணா!! பீப் சத்தமும் வருகிறது. தென்னை ஓலைக் கீற்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

மணக்குடி காயல்:
அப்போ உன் கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஃபோகஸை ஷட்டரிலிருந்து எடுத்துப் பெருவிரலுக்குக் கொடுத்திருக்கிறார். அது 'கஸ்டம் கன்ட்ரோல்ஸ்' என்கிற இடத்தில் இருக்கிறது. நீ கஸ்டம் ஃபங்ஷன்ஸ் எல்லாவற்றையும் அழித்தாலும் இந்த ஒன்று மட்டும் அழியாது. ரீசெட்டுக்கு மசியாததற்குக் காரணம் அதுதான். கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

மாற்ற வேண்டுமென்றால் கஸ்டம் கன்ட்ரோல்ஸைத் திற. ஷட்டர் பாதி அழுத்தலுக்கு 'மீட்டரிங் ஸ்டார்ட்' (வெளிச்சத்தை மட்டும் அளப்பது) என்று இருக்கும், அதை 'மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்' ஆக்கு. அந்தத் திரையிலேயே குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டனை அழுத்தினாலும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஐஎஸ்ஓ விஷயத்துக்குக் காரணம் ஹைலைட் டோன் பிரையாரிட்டி. அது ஆனில் இருந்தால் திரையில் 'டி பிளஸ்' என்று தெரியும், ஐஎஸ்ஓ 200-லிருந்துதான் தொடங்கும். வெள்ளைப் பகுதி வெளுத்துப்போகாமல் காக்கிற வசதி, நிழலில் மட்டும் கொஞ்சம் புள்ளி (நாய்ஸ்) கூடும். மாதா கோயில் கல்யாணத்தில் பெண்ணின் வெள்ளை கவுனை எடுக்கிறவர்கள் அதை ஆன் செய்து வைப்பதுண்டு. முன்பு வைத்திருந்தவர் கல்யாண வீட்டுப் படம் எடுத்தவராக இருக்கலாம்.

ஆனால் நான் சொல்வேன், பெருவிரல் ஃபோகஸை மாற்றாதே. மணக்குடிக் காயலில் பறவை எடுக்கும்போது நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஏஐ சர்வோவில் (நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்கிற முறை) போட்டு, ஏஎஃப்-ஆனை விடாமல் அழுத்திக்கொண்டிரு. வள்ளம் உன்னை நோக்கி வரவர கேமராவும் கூடவே ஃபோகஸை மாற்றிக்கொண்டே வரும். நடுவில் அலை எழும்பி மறைத்தால் பெருவிரலை எடுத்துவிடு, ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். சர்வோவில் பீப் வராது, பயப்படாதே.

தக்கலை அண்ணன்:
கஸ்டம் கன்ட்ரோல்ஸ் அழியாது என்பது எனக்கே புதுசு. நன்றி அண்ணாச்சி.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. உங்கள் கடியபட்டணம் கரை தென்மேற்கு பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் உன் முதுகுப் பக்கமிருந்து வரும், அப்பா முகத்தில் நேராக விழும். சின்னமுட்டம் மாதிரி கிழக்கு பார்த்த கரை என்றால் எதிர்வெயில், முகம் கறுத்துவிடும். உன் முதுகுப் பக்கத் தென்னைக்கு மேலே சூரியன் ஏறுகிற வரை மட்டும் பொறுத்திரு. டிவி மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற மோடு) 1/1000 நொடி, ஐஎஸ்ஓ ஆட்டோ. 1600 வரை ஏறினாலும் கவலையில்லை, புள்ளி விழுந்தால் பரவாயில்லை, கை ஆடி மங்கினால் திரும்பக் கிடைக்காது. ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடு.

மணக்குடி காயல்:
கரையில் நின்று லென்ஸைக் கழற்றாதே. உப்புக்காற்று உள்ளே போனால்தான் உண்மையிலேயே போர்டு போகும்.

கடியபட்டணம் பொண்ணு:
இன்று காலை எடுத்துவிட்டேன். முதல் முப்பது படத்தில் முன்னால் தெறித்த நுரைதான் தெளிவு, அப்பா மங்கல். அப்புறம் நடுவிலுள்ள ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்து, அவர் நெஞ்சிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். கடைசி அலையில் வள்ளம் தூக்கி அடிக்கும்போது அணியத்தில் (வள்ளத்தின் முன்முனை) ஒரு கையை ஊன்றிக் குனிந்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் முழங்கையில் ஒட்டிய சாளை மீன் செதில்கூடத் தெரிகிறது. அம்மா போனை வாங்கி அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு அண்ணன்மாருக்கும் ரொம்ப நன்றி.

மணக்குடி காயல்:
சந்தோஷம் தங்கச்சி. வந்ததும் கேமராவைத் துடைத்தாயா?

கடியபட்டணம் பொண்ணு:
துடைத்தேன் அண்ணா. நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, இறுக்கிப் பிழிந்து, பட்டன் இடுக்கெல்லாம் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். நாளைக்கும் அப்பா போகிறார்.