'டீகோ ஸ்டாப்'புக்கு 'ஓய்வு' வேண்டாம்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் நண்பர்களுக்கும்,

நாம் தமிழாக்கும் டைவ் கம்ப்யூட்டர் (முக்குளிப்போர் கையில் கட்டும் கருவி) திரையில், மேலேறும் வழியில் நின்று வரச் சொல்லும் 'டீகோ ஸ்டாப்' வரும் இடத்தில் 'ஓய்வு' என்று போடலாம் என்றீர்கள். சின்னச் சொல், திரையில் அடங்கும், சரி. ஆனால் ஓய்வு என்றால் வேண்டுமானால் எடுக்கலாம், அவசரமென்றால் விட்டுவிடலாம். இதை விட முடியாது.

சிலிண்டர் காற்றோடு இறங்கினால் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் கூடுகிறது, நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று ஏறினால் அது குமிழியாகும். மூட்டுவலியோடு போகலாம், முதுகுத்தண்டைத் தாக்கிக் கால் விளங்காமலும் போகலாம். அதனால்தான் 1908-இல் பிரிட்டிஷ் உடலியலாளர் ஹால்டேன் படிப்படியாக ஏறும் அட்டவணையை வகுத்தார். இன்று பல மென்பொருள்கள் சுவிஸ் மருத்துவர் பியூல்மானின் முறையில், நைட்ரஜனை வெவ்வேறு வேகத்தில் ஏற்கும் 16 திசுப்பிரிவுகளாக உடம்பை வைத்து அதே வகைக் கணக்கைப் போடுகின்றன. 45 மீட்டரில் 20 நிமிடம் என்று திட்டமிட்டால் கடைசியில் 9, 6, 3 மீட்டர் என்று நின்று நின்று ஏறும் படிகள் வரும். மேலே வர வர நிற்கும் நேரம் கூடும்.

குமரி மாவட்டக் கடியபட்டணத்தில் என் மாமா சிப்பி எடுக்கிறவர். கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி முங்கி எழும்புவார். அவருக்கு இந்தப் படிகள் தேவையில்லை. அவரிடம் விஷயத்தை விளக்கிக் கேட்டேன். "ஓய்வுன்னா நம்ம இஷ்டம்லா மக்கா. தங்கணும்னு சொல்லு" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாள்கணக்கில் மீன்பிடிக்கப் போவதைத் 'தங்கு கடல்' என்று சொல்கிற கரை இது.

ஆகவே தங்கல். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப், நின்றால் நல்லது என்ற வகை. அதைக் காப்புத் தங்கல் என்று பிரித்துவிடலாம். தங்காமல் நேரே ஏற மீதியிருக்கும் நிமிடங்களுக்கு நேரேறு நேரம்.

'சீலிங்'குக்கு ஒருவர் 'உச்சவரம்பு' என்றார். நில உச்சவரம்பு சட்டத்தால் பழகிய சொல்தான். ஆனால் இருட்டுத் தண்ணீரில் கையைத் திருப்பி 'உச்சவரம்பு 6 மீ' என்று படிக்கிறவர், 6 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்றல்லவா எடுத்துக்கொள்வார்? சொல்ல வந்ததோ, 6 மீட்டருக்கு மேலே ஏறாதே என்பது. நேர் எதிர். கூரை என்று போட்டால் அது தலைக்கு மேலேதான் இருக்கும்.

'டீகோ'வின் முழுச்சொல்லான 'டிகம்ப்ரெஷன்' என்பதை 'விரித்தல்' என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஜிப் கோப்புக்கான சொல் அது. அதை அழுத்தநீக்கம் என்று திருத்த வேண்டும். 'கிரேடியன்ட் ஃபேக்டர்' (கணக்கில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று வைக்கும் எண்) இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். முக்குளிப்போர் 30/70 என்று எண்ணாகத்தான் பேசுகிறார்கள்.

அண்ணாச்சி, திரையில் இப்படி வரும்:

கூரை 6 மீ
தங்கல் 4 நிமி