தென்னோலை கருகிக் காயுது, கருந்தலைப் புழுவோ?

வளவுக்காரன்:
சாவகச்சேரிப் பக்கம். ஆறு தென்னையிலை கீழ் ஓலையள் நெருப்புப் பட்ட மாதிரிக் காயுது. பக்கத்திலை நிக்கிற வடலியிலையும் (இளம் பனை) தொடங்கீட்டுது. ஓலைக்கு அடியிலை நூலும் எச்சமும் சேர்ந்த கூடு. வெள்ளை ஈ எண்டு நினைச்சுச் சவர்க்காரத் தண்ணி அடிச்சும் குறையேல்லை. பூச்சிமருந்து அடிக்கலாமோ?

வடலி:
வெள்ளை ஈ எண்டால் ஓலை பிசுபிசுக்கும், மேலே கரி மாதிரிப் பூஞ்சணம் படரும். நூல் கூடு கருந்தலைப் புழுவின்ரை. கூட்டை ஈர்க்காலை கீறிப் பாருங்கோ. தலை கறுத்து, உடம்பு பச்சை கலந்த மண்ணிறமாய், நீளக் கோடுகளோடை இருக்கும். ஒப்பிசினா அரினோசெல்லா எண்ட சாம்பல் நிறச் சின்ன அந்துப்பூச்சியின்ரை புழு இது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பூச்சி. தென்னையும் பனையும் ரெண்டும் அதுக்குச் சாப்பாடு.

முட்டை 5 நாளிலை பொரிக்கும். புழு கிட்டத்தட்ட 40 நாள் அடிப்பக்கப் பச்சையைச் சுரண்டும், மேல்தோலை விட்டுவிடும். கருகின தோற்றம் அதாலைதான். கூட்டுப்புழு 12 நாள், அதே கூட்டுக்குள்ளை. ஒரு சுற்று 2 மாதமளவு. கூட்டைத் தாண்டிச் சவர்க்காரம் உள்ளை போகாது.

தென்மராட்சி:
மருந்து வேண்டாம், ஐயா. கோனியோசஸ் எண்ட சின்னக் கறுப்புக் குளவி இந்தப் புழுவைக் கொட்டி மயக்கி, அதின்ரை உடம்பிலையே முட்டையிட்டுக் காவல் நிக்கும். மருந்து முதலிலை அதைத்தான் அழிக்கும், புழு பிறகு இரட்டிப்பாய் வரும்.

முதல் 10, 15 கூடு பிரிச்சு எந்தப் பருவம் எண்டு பாருங்கோ. இலங்கையிலை இந்தப் பூச்சி ஒரே பருவமாய்த் திரளுறது வழமை: ஒரு நேரம் எல்லாம் புழு, ஒரு நேரம் எல்லாம் கூட்டுப்புழு. கோனியோசஸுக்கு வளர்ந்த புழு வேணும். கூட்டுப்புழுக் காலத்திலை விட்டால் குளவி வீண். குளவி விடச்சொல்லிக் கேக்கப் போறதெண்டால் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபைக்குப் புழுவோடை ஒரு ஓலைத் துண்டு கொண்டு போங்கோ.

மோசமாய்க் காய்ஞ்ச அடி ஓலை ரெண்டு மூண்டை வெட்டி அண்டைக்கே எரியுங்கோ. வேலி அடைக்க எடுத்து வைச்சால் கூட்டுப்புழு அதிலையே பூச்சியாகிப் பறக்கும். பச்சை ஓலையிலை கை வைக்க வேண்டாம், காய்ப்புக் குறையும். செத்த புழுவுக்குப் பக்கத்திலை சின்னக் கூடுகள் கொத்தாய் இருந்தால் குளவி வந்திட்டுது, அந்த ஓலையை வெட்டாதேங்கோ.

வடலி:
பக்கத்து வளவுத் தென்னையளையும் பாருங்கோ, வடலி அடி ஓலையையும் விடாதேங்கோ. சோளகம் (தென்மேற்குக் காத்து) வீசுற வறட்சிக் காலம் எண்டால் கிழமைக்கு ஒருக்கால்.