மறு: பிக்கப் கட்டுரை: ‘ரேஞ்ச்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> அமெரிக்காவில் புதிதாக பிக்கப் (பின்னால் திறந்த சுமைத்தட்டுள்ள வண்டி) வாங்குகிற நம்மவர்களுக்காக எழுதும் கட்டுரையில், எந்த அளவு டேங்க் எடுப்பது என்ற பகுதியில் நிற்கிறேன். ‘ரேஞ்ச்’, அதாவது ஒரு முறை நிரப்பினால் வண்டி போகும் தூரம், வருகிற இடத்தில் ‘வீச்சு’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பேன். வீச்சு ஏவுகணைக்குச் சரி. அது போய் விழுந்தால் வேலை முடிந்தது. இன்னொரு அன்பர் சொன்ன ‘நெடுக்கம்’ புள்ளியியல்காரர்களிடம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது (மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்). ‘மைலேஜ்’ லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதைப் பிரிக்க முடியாது.

ஃபோர்டு எஃப்-150 வண்டியில் அண்மை ஆண்டுகளில் 23, 26, 36 கேலன் டேங்குகள் வந்திருக்கின்றன. இன்னொரு பிக்கப்பான ராம் 1500-இல் 23, 26, 33. நம் கணக்கில் 23 கேலன் 87 லிட்டர், 36 கேலன் 136 லிட்டர். கடையில் கேட்டால் பெரியதையே எடுங்கள் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் வாங்குகிறவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது கேலனை அல்ல. டிரெய்லர் மாட்டிய நிலையில், அடுத்த பங்க் வரும் வரை வண்டி போகுமா என்பதை. வெறும் வண்டி கேலனுக்கு 20 மைல் கொடுத்தால், பெரிய கேம்பரை (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுக்கும்போது 10 கொடுத்தாலே நல்லது. கடைசி மூன்று கேலனைத் தொடாமல் வைத்தால் 23 கேலன் டேங்க் 200 மைல்தான் வரும். 36 கேலன் 330 மைல் வரும். யூட்டா மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர், சலைனா என்ற ஊர்களுக்கு இடையே சுமார் 110 மைலுக்குப் பங்க்கே கிடையாது. சின்ன டேங்கிலும் அதைக் கடக்கலாம், கிரீன் ரிவரிலேயே நிரப்பிக்கொண்டால். அரை டேங்கோடு ‘பார்த்துக்கலாம்’ என்று ஏறினால் மேட்டில் தெரியும். இன்னொன்று, எல்லா பங்க்கிலும் டிரெய்லரோடு நுழைந்து திரும்ப முடியாது. அதனால் இழுப்பவருக்கு இரண்டு பங்க்குக்கு இடையிலான தூரம் வரைபடத்தில் இருப்பதைவிடக் கூடுதல்.

பெரிய டேங்குக்கும் விலை உண்டு. கூடுதல் 13 கேலன் பெட்ரோல் ஏறத்தாழ 36 கிலோ. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவு என்று ஓர் எடை போட்டிருக்கும். டேங்க் நிரம்பியிருப்பதாகக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. ஆக அந்த 36 கிலோ அங்கே குறையும். 7,000 பவுண்டு டிரெய்லரின் கொக்கிப் பாரமே (வண்டியின் கொக்கியை அது அழுத்தும் எடை) 700 முதல் 1,000 பவுண்டு வரை அதே கணக்கில் விழுகிறது, மனைவி மக்களும் நாயும் மிச்சத்தில்தான் ஏற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டி, மாதக் கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு 136 லிட்டர் பெட்ரோல் பழசாகிக்கொண்டு கிடப்பதைத் தவிர லாபம் ஒன்றுமில்லை. (பாதி நிரப்பினால் போகிறது என்பீர்கள். அப்படியானால் எதற்குப் பெரியது?)

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘கேஸ் எத்தனை நாள் தாங்கும்?’ ‘ஒரு டேங்க் பெட்ரோல் மதுரை வரைக்கும் தாங்குமா?’ வீட்டிலும் ரோட்டிலும் நாம் கேட்பது இப்படித்தான். எனவே தாங்குதொலைவு. ஓடுதளம், சுடுநீர் போல வினைத்தொகை. நடுவில் த் மிகாது. மின்வண்டிக்கும் பொருந்தும், டேங்க் இல்லாவிட்டாலும் சார்ஜ் தாங்குகிறதே. டாஷ்போர்டில் ‘இன்னும் இவ்வளவு மைல்’ என்று காட்டுவதற்கு எஞ்சுதொலைவு. அந்த எண் பெரும்பாலும் இதுவரை வண்டி குடித்த அளவை வைத்துப் போடும் ஊகம். டிரெய்லர் மாட்டிய முதல் அரைமணியில் அது மளமளவென்று சரிவது அதனால்தான். கட்டுரையில் இதையும் சொல்லுங்கள்.

---

> எனவே தாங்குதொலைவு.

ஓர் ஐயம், ஐயா. பிக்கப் என்றாலே சுமை. ‘தாங்கு’ என்றதும் பாரம் தாங்குவதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அதே பத்தியில் மஞ்சள் சீட்டு வேறு வருகிறது. படிப்பவர் குழம்ப மாட்டாரா? ‘செல்தொலைவு’ என்றால் நேரடியாக இருக்குமே.

---

ஐயம் நியாயமானது. ஆனால் செல்தொலைவை ‘சென்ற தொலைவு’ என்றும் பிரிக்கலாம். ஓடோமீட்டர் எண் என்று நினைத்துவிட்டால் கட்டுரை தலைகீழாகிவிடும். சுமைப் பக்கத்துக்கு ‘ஏற்றுசுமை’ என்று வைத்துக்கொண்டு, தாங்கு என்ற வினையை எரிபொருளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

---

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்கு டேங்க் என்றால் தாங்கி. தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி. ‘தாங்குதொலைவு’ என்று கேட்ட உடனே தாங்கி நினைவுக்கு வந்துவிட்டது, விளக்கமே தேவைப்படவில்லை. யுத்த தாங்கியும் நினைவுக்கு வந்தது, அது வேறு கதை. என் வாக்கு இதற்கே.

---

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி வைக்கிறேன்: “டேங்க் அளவைப் பார்க்கும் முன், டிரெய்லரோடு உங்கள் வண்டியின் தாங்குதொலைவு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் பங்க்குகளுக்கு இடையிலான மிக நீண்ட தூரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். அதற்குமேல் கிடைக்கும் ஒவ்வொரு கேலனும் ஏற்றுசுமையிலிருந்து கழிகிறது.” ‘ரிசர்வ்’ என்பதை மாற்றவில்லை. பைக் ஓட்டிய யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம்.