ரீட் டிஃப்யூசருக்குத் துடைப்பத்து ஈர்க்குச்சி போதுமா?

வெட்டிவேர்: புட்டியிலுள்ள வாசனை எண்ணெயைக் குச்சிகள் வழியாக மேலேற்றி அறையில் மணம் பரப்பும் ரீட் டிஃப்யூசரை வீட்டிலேயே செய்வது பற்றிச் 'சிக்கனக்காரி' நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல் அடைந்தேன். பிரம்புக் குச்சி வாங்குவது வீண் செலவு என்றும், துடைப்பத்திலிருந்து 6 ஈர்க்குச்சிகளை உருவி, 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 சொட்டு லெமன்கிராஸ் எசென்ஷியல் ஆயில் கலந்து அதில் நிறுத்தினால் கூடம் முழுக்க மணக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிரம்பைக் குறுக்கே நறுக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் கண்ணுக்கே தெரியும். அவை குச்சியின் நீளம் முழுவதும் ஓடுவதால்தான் எண்ணெய் தானாக மேலேறி நுனியிலிருந்து ஆவியாகிறது. ஈர்க்கில் அத்தகைய துளை எங்கே இருக்கிறது? குச்சிகளைத் திருப்பாமல் வைத்திருந்தபோது, மூன்றாம் நாள் அவற்றின் நுனி ஈரமாக இருந்ததா என்பதை மட்டும் அவர் சொல்லட்டும்.

சிக்கனக்காரி: ஈரமாகத்தான் இருந்தது. நான் கையால் தொட்டுப் பார்த்த பிறகே எழுதினேன். உங்களைப் போல் நூறு ரூபாய்க்குக் குச்சி வாங்கிவிட்டு, அதை நியாயப்படுத்துவதற்காக விஞ்ஞானம் பேச வேண்டிய தேவை எனக்கு இல்லை.

மலைச்சாரல்: நான் உதகையில் வசிக்கிறேன். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். இங்கே மார்கழியில் குளியலறைப் புட்டியை வெந்நீரில் வைத்தால்தான் எண்ணெய் வெளியே வரும். உறைந்த எண்ணெய் எந்தக் குச்சியில் ஏறும்? அதற்கு முன்பு ஒன்றைத் தெளிவாக்குங்கள்: நீங்கள் எல்லாரும் சொல்லும் 'எசென்ஷியல் ஆயில்' என்பது செடியிலிருந்து காய்ச்சி வடித்த தைலமா, கடையில் அதே பெயரில் விற்கும் செயற்கை வாசனையா?

வெட்டிவேர்: அது இப்போது கேள்வி அல்ல, நுனி ஈரமாக இருந்ததா என்பதே கேள்வி. 'தொட்டுப் பார்த்தேன்' என்று சொல்பவர், அதற்கு முன்பு குச்சியைத் தலைகீழாகத் திருப்பினாரா என்பதைச் சொல்லவில்லை. எண்ணெயில் மூழ்கியிருந்த முனையை மேலே கொண்டுவந்தால் பென்சிலின் நுனிகூட ஈரமாகத்தான் இருக்கும். மேலும் 20 சொட்டு என்பது ஏறக்குறைய 1 மில்லி. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் அது எந்த மூலைக்குக் காணும்? நான் ஐந்தில் ஒரு பங்கு தைலம் சேர்க்கிறேன். தேங்காய் எண்ணெய் ஆவியாகாது. தைலம் பறந்துபோன பின் கொழகொழவென்று குச்சியிலேயே தங்கித் துளையை அடைத்துவிடும்.

சிக்கனக்காரி: திருப்பினேன், வாரம் ஒரு முறை எல்லாரும் திருப்பத்தான் செய்கிறார்கள். சென்ற ஆண்டு சாம்பிராணி பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் என்னை விடவில்லை. ஈர்க்கும் தேங்காய் எண்ணெயும் நம் வீட்டுப் பொருள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

பூனைப்பிரியை: வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதையெல்லாம் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். யூகலிப்டஸ், டீ ட்ரீ போன்ற தைலங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. புட்டி கவிழ்ந்து உடம்பில் பட்டு, அதை அது நக்கினால் ஆபத்து.

சிக்கனக்காரி: என் வீட்டில் பூனை இல்லை, அம்மா. யார் எதை எழுதினாலும் பூனையைக் கொண்டுவந்து நிறுத்துவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

பூனைப்பிரியை: படிப்பவர்கள் வீட்டில் இருக்கும். ஒரு மாலை நேரத்தில் என் பூனை எச்சில் ஒழுகத் தள்ளாடியதை மடியில் வைத்துப் பார்த்தவள் நான். அதனால் ஒவ்வொரு முறையும் எழுதுவேன்.

தைலக்கடை: தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக தைலத்தைக் கரைக்கும் டைபுரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை வாங்கலாம். வாசனைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்; மணமில்லாதது. கிடைக்காவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சேர்த்துக் கலவையை இளக்கலாம். ஆனால் அது தீப்பற்றும் என்பதால் விளக்கு மாடத்தின் பக்கம் வைக்கக்கூடாது. வாய் குறுகிய கண்ணாடிப் புட்டியாக இருந்தால் கலவை சீக்கிரம் வற்றாது.

சிக்கனக்காரி: கடைக்காரர் கடைப் பொருளை வாங்கச் சொல்வதில் வியப்பில்லை. ஸ்பிரிட் வாடையில் உட்கார்ந்து யார் சாப்பிடுவது?

தைலக்கடை: நான் உங்களிடம் எதையும் விற்கவில்லை. என் பெயரைப் பார்த்து என் நோக்கத்தை முடிவுசெய்வது முறையல்ல.

வெட்டிவேர்: பேச்சு பூனைக்கும் ஸ்பிரிட்டுக்கும் போய்விட்டது, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நேற்றிரவு பிரம்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினேன், சிறுசிறு குமிழிகள் வந்தன. ஈர்க்கில் கன்னம் வலிக்க ஊதியும் ஒரு குமிழிகூட வரவில்லை. நுண்குழாயில் திரவம் ஏறும் வேகத்தை வாஷ்பர்ன் என்ற விஞ்ஞானி 1921-லேயே சமன்பாடாக எழுதிவிட்டார். குழாய் குறுகக் குறுக, திரவம் கெட்டியாகக் கெட்டியாக, ஏறுவது மெதுவாகும். இங்கே ஊதும் காற்றுக்கே வழியில்லை, எண்ணெய்க்கு எப்படி இருக்கும்? திருப்பாமல் மூன்று நாள் வைத்து, நுனியில் ஒரு டிஷ்யூ தாளை ஒற்றி எடுத்து, அதன் படத்தைப் போடுங்கள்.

சிக்கனக்காரி: உங்களுக்குப் படம் போட்டு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. என் கூடத்திற்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் 'என்ன மணம்' என்று கேட்டார்கள்.

மலைச்சாரல்: அது காய்ச்சி வடித்த தைலமா, செயற்கை வாசனையா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

வெட்டிவேர்: திறந்த புட்டியின் வாயிலிருந்தும் மணம் வரும், அதற்குக் குச்சியே வேண்டாம். நுனி ஈரமாக இருந்தது திருப்புவதற்கு முன்பா, பின்பா?

சிக்கனக்காரி: ஈரமாக இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.