மாதுங்கா உறவுகள் (வாட்ஸ்அப் குழு): மே 17, இரவு

பெரியப்பா 9:12
ஒரு காணொளி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். 2009இல் இலங்கைப் போரின் முடிவில், முள்ளிவாய்க்காலில் 40,000 பேர் இறந்தார்கள் என்ற கணக்கே வெளிநாட்டில் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு கட்டிவிட்டதாம். விவரமாகப் பேசுகிறார்.

நான் 9:16
பெரியப்பா, அந்த எண் 2011இல் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த மூவர் குழுவின் அறிக்கையில் இருப்பது. 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றுதான் எழுதினார்கள். சரியான கணக்கு ஏன் இல்லை? செய்தியாளர்களைப் போர் நடந்த வன்னிக்குள் அரசு விடவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் கிளிநொச்சியை விட்டுப் போகச் சொன்னார்கள். எண்ணக்கூடியவர்களை விரட்டிவிட்டு எண்ணிக்கை எங்கே என்று கேட்பதா?

பெரியப்பா 9:20
கோபப்படாதே அம்மா. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே கூட்டம் கூடி மறியல் செய்தார்களே, அது பிரசாரம் இல்லையா?

நான் 9:24
2009 ஏப்ரலில் அங்கே நின்றவர்களின் அம்மாவும் தம்பியும் ஷெல்லடிக்கு நடுவில் பதுங்குகுழியில் இருந்தார்கள். கூலிக்குச் செய்த வேலை வேறு. 2010இல் இலங்கை அதிபர் ராஜபக்ச ஐ.நா.வில் ஆற்றிய உரையை எழுதியதே நாங்கள்தான் என்று பெல் பாட்டிங்கர் என்ற லண்டன் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ரகசியக் கேமராவில் பெருமையடித்துக்கொண்டார். 2011 டிசம்பரில் பத்திரிகையில் வந்தது.

அண்ணன் 9:27
புலிகளையும் சொல். தப்பி ஓடிய சனங்களைச் சுட்டதும் பிள்ளைகளைப் பிடித்துப்போய்ச் சண்டையில் விட்டதும் அதே மூவர் அறிக்கையில்தான் இருக்கிறது.

நான் 9:29
சொல்லத்தான் வேண்டும் அண்ணா. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றியதையும் சேர்த்து. ஆனால் நம் டெல்லியையும் விட்டுவிடாதே. போர் முடிந்த ஒன்பதாம் நாள், 2009 மே 27, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்துக்குக் கைதூக்கிய 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

சித்தி 9:33
கொஞ்சம் நிறுத்துங்கள். கீழ்வீட்டுக் கிளிநொச்சிப் பெண்ணும் இந்தக் குழுவில் இருக்கிறாள். காணொளியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் மேலே வந்தாள். போர் முடிந்தபோது வட்டுவாகலில் தன் கையால் ராணுவத்திடம் கையளித்த, திரும்பி வராத தம்பியின் படத்தையும் எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட படம். பிடித்துப் பிடித்து ஒரு மூலை வெளுத்துப்போயிருக்கிறது. அவள் அம்மா 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் இதே படத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "நாங்கள் யாரிடம் காசு வாங்கினோம் அக்கா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

பெரியப்பா 9:41
எனக்கு அவள் விவரம் தெரியாது. காணொளியை எடுத்துவிட்டேன். இப்போது கீழே போய்ப் பேசட்டுமா, காலையில் போகட்டுமா?

சித்தி 9:43
காலையில் வாருங்கள் அத்தான். நாளை மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அந்த நினைவில் கஞ்சி காய்ச்சப் போகிறாள்.

பெரியப்பா 9:44
தேங்காய் வாங்கி வரவா?

சித்தி 9:46
வேண்டாமாம். அன்று முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் இருந்ததாம். அப்படியே காய்ச்ச வேண்டும் என்கிறாள். நீங்கள் இரண்டு கிலோ அரிசி மட்டும் கொண்டு வாருங்கள்.