மாதத்தில் பாதி நாள் ஒற்றைத் தலைவலி, மாத்திரையை எப்படிக் குறைப்பது?

தாமிரபரணிக்கரை:
அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 36, பள்ளி ஆசிரியை. ஒற்றைத் தலைவலிதான் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார், ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. மாதத்தில் 17, 18 நாள் வலி. அதில் பாதி நாள் குமட்டலோடு, வெளிச்சமே ஆகாது. பலமான வலிக்கு எர்கோட்டமின், கஃபீன், பாராசிட்டமால் எல்லாம் கலந்த மாத்திரை, லேசான வலிக்கு வெறும் பாராசிட்டமால் என்று வாரத்தில் ஐந்து நாளாவது ஏதோ ஒன்று போடுகிறார். இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மிகி எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டுவிட்டு "இதுக்கெல்லாம் வலி கேட்கலை" என்று நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் மதியத்துக்குள் வலி நிச்சயம். எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்காற்று:
மாத்திரைக் கணக்கிலிருந்து. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அக்கா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். தாண்ட வைத்ததில் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். கலவை மாத்திரை, எர்கோட்டமின், டிரிப்டான் (சுமாட்ரிப்டான் போன்ற ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகள்) இவற்றை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ போட்டால், தனிப் பாராசிட்டமால், நாப்ராக்ஸன் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை 15 நாளோ அதற்கு மேலோ போட்டால், சில மாதங்களில் மருந்தே தலைவலியை வளர்க்க ஆரம்பிக்கும். எண்ண வேண்டியது நாளை, மாத்திரையை அல்ல. ஒரே நாளில் மூன்று போட்டாலும் ஒரு நாள்தான். வாரத்தில் நான்கு நாள் அரை மாத்திரை போட்டால் அது நான்கு நாள். "அரைதானே போட்டேன்" என்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எர்கோட்டமின் கலவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கும் பல கலவைகளில் பாராசிட்டமால் 250 மிகி அளவுதான், பெரியவர்களுக்கான முழு டோஸைவிட அது மிகக் குறைவு. அதனால் ஒன்று போதாமல் இரண்டாவது போகும், எர்கோட்டமினும் இரட்டிப்பாகும். அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. கை கால் விரல் சில்லிட்டு மரத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொண்டைத் தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் கூட இதைச் சேர்க்கவே கூடாது. சுமாட்ரிப்டானுக்கு மாறுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆகாது.

இந்த மாத்திரைகளை நிறுத்தும்போது என்ன நடக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரம், பத்து நாள் வலி ஏறும், தூக்கம் கெடும், குமட்டும். அங்கேதான் "மாத்திரை இல்லாமல் முடியாது" என்று திரும்பிவிடுகிறார்கள். கோடை விடுமுறை மாதிரி ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, மருத்துவரிடம் முன்பே சொல்லி, அந்த நாட்களுக்கென்று வேறு மருந்தும் வாந்திக்கு மருந்தும் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். டிராமடால், கோடீன் (அபின் வகை வலி மருந்துகள்) சேர்ந்த எதையாவது போட்டு வந்திருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கலவையோடு கஃபீனும் போய்விடும் என்பதால் அந்த இரண்டு வாரம் காபியைக் குறைக்காதீர்கள். வழக்கமான டம்ளர், வழக்கமான நேரம். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எந்த வலி எதனால் என்றே தெரியாது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள்தான் மருந்து. ஆனால் அந்த இரண்டு நாளும் முழு டோஸ், வலி ஏறத் தொடங்கும்போதே. ஒற்றைத் தலைவலி முற்றினால் வயிறு மந்தமாகி மாத்திரை கரைந்து குடலுக்குப் போகவே நேரமாகும். நாப்ராக்ஸன் 500 மிகியோடு குமட்டலைக் குறைத்து வயிற்றை இயங்க வைக்கும் டாம்பெரிடோன் 10 மிகி சேர்த்து எழுதுவதற்கு அதுதான் காரணம். மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா, குமட்டல் இருக்கிறதா, இரண்டுக்கும் ஆமாம் என்றால் போடலாம். பின்னணியில் மந்தமாக ஓடும் தினசரி வலிக்கு மாத்திரை வேண்டாம், கழுத்துப் பக்கம் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்தால் போதும்.

வெயில்மரம்:
வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். தலைக்குக் குளிப்பதே ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவது நம் ஊர் நோயாளிகளிடம் பதிவான ஒன்று. 2006ல் செஃபலால்ஜியா என்ற மருத்துவ இதழில் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரையே வந்தது. ஆனால் குளியலைத் திட்டுவதற்கு முன் அந்தக் காலையை முழுசாகப் பாருங்கள். சீக்கிரம் எழுந்தாயிற்று, தூக்கம் ஒரு மணி நேரம் குறைவு. பூஜை முடியும் வரை காபிகூட இல்லை. ஈரத் தலையை இறுக்கித் துண்டு கட்டியாயிற்று. சாம்பிராணி, ஊதுபத்தி, பிறகு அதே ஈரக் கொண்டையில் இரண்டு முழம் மல்லிகை. இதில் எது குற்றவாளி?

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வாரம் தலைக்குளியலைப் புதன்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், குளிக்கும் முன் ஏதாவது சாப்பாடு, டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து வேர்க்கால் வரை உலர்த்துவது, காயும் வரை முடியைத் தளர விடுவது. வெள்ளியன்று மற்றதெல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். வலி அப்போதும் வெள்ளியன்றே வந்தால் குளியல் நிரபராதி. பட்டினியிலும் புகையிலும் கை வையுங்கள். விரதத்தை விட மனசில்லை என்றால் எழுந்த அரை மணி நேரத்தில் பாலும் பழமுமாவது உள்ளே போகட்டும். வலி புதனுக்கு மாறினால் குளியல்தான். அப்போது குளிப்பதற்கு முன்பே ஒரு நாப்ராக்ஸன் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதுவும் வாரத்தின் இரண்டு நாள் கணக்கில் ஒன்று.

பள்ளியில் கவனிக்க வேண்டியது சாப்பாட்டு இடைவெளியும் தண்ணீரும். கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரையே தவிர்க்கும் ஆசிரியைகள் ஏராளம். 10.30 மணி இடைவேளையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் தண்ணீர். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க முடிகிற வகுப்பாக இருந்தால் நல்லது. வகுப்புக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் அதிகமாகக் குத்தும்.

கல்லணை75:
ஆவி பிடிப்பது, நெற்றிக்குப் பற்று போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? சாக்லேட்டை நிறுத்தினால் போய்விடும் என்றும் சொல்கிறார்களே?

வைகைக்காற்று:
@கல்லணை75 ஐயா, ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். அதனாலேயே பலர் வருடக்கணக்கில் சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் இல்லாத "சைனஸ் தலைவலி"யைச் சந்தேகப்படுங்கள். தைலமும் சுக்குப் பற்றும் சிலருக்கு ஆறுதல், வாசனையே ஆகாதவருக்கு வேதனை. சுக்குப் பற்றை நேரம் தெரியாமல் விட்டால் தோல் வெந்துபோகும். சாக்லேட் கதை பல சமயம் தலைகீழ்: கொட்டாவி, எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை, கழுத்துப் பிடிப்பு இவை வலிக்கு முந்தைய நாளே வரும் அறிகுறிகள். ஆசை வந்ததால் சாப்பிட்டது, பழி சாக்லேட் மேல். பத்துப் பதார்த்தத்தை விலக்கிப் பட்டினி கிடப்பதைவிட நேரத்துக்குச் சாப்பிடுவது மேல்.

தாமிரபரணிக்கரை:
மிக்க நன்றி. அமிட்ரிப்டிலினைத் திரும்பத் தொடங்கலாமா? காலையில் எழவே முடியவில்லை என்பதுதான் அவர் நிறுத்த உண்மைக் காரணம்.

வெயில்மரம்:
அதே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். இது தினமும் போட்டு வலி நாட்களைக் குறைக்கும் மருந்து, வந்த வலிக்கு இது கேட்காது. சரியான அளவை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பத்து நாள் ஒன்றுமே இல்லை. படுக்கும்போது போடாமல் இரண்டு மணி நேரம் முன்னால் இரவு 8 மணிக்குப் போட்டால் காலை மந்தம் குறையும். வாய் வறட்சி, மலச்சிக்கல், எடை ஏறுவது இதன் தொல்லைகள். ஆகாவிட்டால் வேறு வழி உண்டு: ஆஸ்துமா இல்லாதவருக்குப் புரோப்ரனோலால். டோபிராமேட் 25 மிகியில் தொடங்கி வாரம் 25 ஆக ஏற்றுவார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சொல் நாக்கில் நிற்கும் (ஆசிரியைக்கு இது பெரிய தொல்லை), தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல் வரலாம். கர்ப்பத் திட்டம் இருந்தால் டோபிராமேட்டும், இதே வேலைக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் கூடாது, திட்டத்தை அக்காவே மருத்துவரிடம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். ஃப்ளூனாரிசின் எடை கூட்டும், மனச்சோர்வு உள்ளவருக்கு ஆகாது. இவை பலிக்காதபோது 12 வாரத்துக்கு ஒரு முறை 31 இடத்தில் மொத்தம் 155 யூனிட் போடும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது, செலவு அதிகம்.

வைகைக்காற்று:
ஒரு சேர்க்கை. நாட்காட்டியில் தினமும் ஒரே குறி: வலி இல்லை, லேசு, படுக்க வைத்தது. மருந்து போட்ட நாளைச் சுற்றி ஒரு வட்டம், மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் எழுதச் சொன்னால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிந்தால் அதையும் குறிக்கவும். அப்படி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். திடீரென்று நொடியில் உச்சம் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் வலுக்குறைவு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் தாளைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.