கொமோடோ டிராகனைப் பரிசாகக் கொடுக்க அரசுக்கு உரிமை உண்டா?

தோப்புக்காரன்:
நேற்று அண்ணன் மகனுக்குக் கொமோடோ டிராகன் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்தோனேசியத் தீவுகளில் வாழும் ராட்சதப் பல்லி அது. அப்போதுதான் ‘நாகா’ ஞாபகம் வந்தது. 1990-இல் இந்தோனேசிய அரசு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷுக்குப் பரிசாகக் கொடுத்த டிராகன் அது. வெள்ளை மாளிகையில் அதை எங்கே கட்டிப்போடுவது? சின்சினாட்டி உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். 2007-இல் சாகும்வரை அங்கேதான் இருந்தது. இதைக் கேலிக்கூத்து என்று எழுதுகிறவர்கள் பலர். என் கட்சி வேறு. இரு நாட்டுத் தலைவர்கள் மாற்றிக்கொண்ட பரிசுகளில் உருப்படியானது இதுதான். நாகாவுக்கு இரண்டு ஆண்டு முன்னால் வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்கு இதேபோல் ஒரு ஜோடி பரிசாகப் போயிருந்தது. 1992-இல் அந்த ஜோடியின் முட்டைகளிலிருந்து 13 குட்டிகள் பொரிந்தன. இந்தோனேசியாவுக்கு வெளியே கொமோடோ குட்டி பொரிந்தது அதுதான் முதல் முறை. தந்தப் பேழையும் வெள்ளித் தட்டும் கொடுத்திருந்தால் என்ன பொரிந்திருக்கும்?

வடிவு:
அண்ணா, கொடுத்தது யாருடைய பொருள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. கொமோடோ தீவில் மனிதர்களும் இருக்கிறார்கள், கடலோரத்தில் ஒரு கிராமம். அவர்கள் சொல்லும் கதை இது. புத்ரி நாகா என்ற இளவரசிக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று கெரோங் என்ற ஆண் குழந்தை, மற்றது ஓரா என்ற பல்லி. ஓரா காட்டுக்குப் போய்விட்டாள். வளர்ந்த கெரோங் ஒரு நாள் மான் வேட்டைக்குப் போனபோது எதிரே வந்த டிராகன்மீது ஈட்டியை ஓங்கினான். தாய் தோன்றி, “அவள் உன் உடன்பிறந்தவள்” என்று தடுத்தாள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அதை ஓரா என்றுதான் அழைக்கிறார்கள். பரிசாகப் போன விலங்கின் பெயரையும் பாருங்கள். நம் நாகம்தான் இந்தோனேசிய மொழியில் ‘நாகா’. அங்கே அதற்கு டிராகன் என்று பொருள். கூடப் பிறந்தவளைத் தட்டில் வைத்து நீட்டும்போது, தாய் பெயரையே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

தோப்புக்காரன்:
கதை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதை பட்டா ஆகாது, தங்கச்சி. அப்படிப் பார்த்தால் மயில் முருகனுடைய வாகனம். பழனியில் அனுமதி வாங்காமல் அதைத் தேசியப் பறவை என்று அறிவித்தது தவறு என்பீர்களா?

வடிவு:
மயிலைத் தேசியப் பறவையாக்கியதால் பழனிக்காரர்களை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. இவர்களைச் சொன்னார்கள். 1980-இல் தேசியப் பூங்கா வந்தது. காலங்காலமாக ஆடிவந்த மான் வேட்டை சட்டப்படி குற்றமானது. 2019-இல் மாகாண அரசு தீவையே மூடப்போவதாகவும் கிராமத்தை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகவும் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. டிராகனைத் தொட்டால் ஊர்க்காரனுக்குச் சிறை. அதிபர் எடுத்துக் கொடுத்தால் நட்புறவு. நான் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

கணக்கர்:
இருவரும் ‘கொடுக்கலாமா’ என்பதிலேயே நிற்கிறீர்கள். கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரிகிறது. 1949-இல் நேரு டோக்கியோவுக்கு இந்திரா என்ற யானையை அனுப்பினார். உவேனோ பூங்காவில் இருந்த யானைகளைப் போர்க்காலத்தில் பட்டினி போட்டே கொன்றிருந்தார்கள். யானை வேண்டும் என்று ஜப்பானியக் குழந்தைகள் கடிதம் எழுதினார்கள், யானை போனது. 1983 வரை உயிரோடு இருந்தது. அதைக் கெட்ட பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தது 2001-இல் தாய்லாந்து இலங்கைக்குக் கொடுத்த யானை. இலங்கையில் முத்துராஜா என்று பெயர். ஒரு விகாரையில் வைத்திருந்தார்கள். துன்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்து, 2023 ஜூலையில் தாய்லாந்தே அதைச் சரக்கு விமானத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனது. கொடுத்தவர்கள் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் “எங்கள் பிள்ளை எப்படி இருக்கிறது” என்று கேட்டதால்தான் அந்த யானை பிழைத்தது. சீனா பாண்டாவை 1980-களிலிருந்து கடனாகத்தான் தருகிறது, இனாமாகத் தருவதில்லை. அதில் வியாபாரமும் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடன் கொடுத்தவன் வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பான். தானம் கொடுத்தவன் வரமாட்டான்.

பழைய காப்பாளர்:
ஓய்வுபெற்றவன், ஒரு பூங்காவில் இருபத்தாறு ஆண்டு ஊர்வன பிரிவில் வேலை பார்த்தேன். கொமோடோ என் கைக்கு வந்ததில்லை. அதன் சொந்தக்காரனான உடும்பை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை கோயில் யானை மாதிரி பழகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பூங்காவில் ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கொமோடோ கூண்டுக்குள் அழைத்துப் போனார்கள். அவர் வெள்ளைக் காலணி போட்டிருந்தார். தீனியாகப் போடும் வெள்ளை எலி என்று நினைத்துவிடும், கழற்றுங்கள் என்றார்கள். கழற்றினார். வெறுங்காலைக் கடித்துவிட்டது!

தோப்புக்காரர் குட்டி பொரிந்ததைப் பெருமையாகச் சொன்னார். பெருமைதான். ஆனால் ஒற்றை விலங்காகக் கொடுப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவில், ஆணையே பார்க்காத ஒரு பெண் கொமோடோ போட்ட முட்டைகளில் கரு வளர்ந்தது. ஆனால் அப்படிப் பிறப்பதெல்லாம் ஆண்கள்தான். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இனக்குரோமோசோம்கள் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என இரண்டு வகை, ஆணுடையவை இரண்டும் இசட். தாய் தனியாகப் பெற்றால் இரண்டு இசட், அல்லது இரண்டு டபிள்யூ. இரண்டு டபிள்யூ பிழைக்காது. ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு இது வரம். பூங்காவில் தலைமுறை தலைமுறையாக இப்படியே போனால் மரபு வளம் சுருங்கிவிடும். பெருக்கம் வேண்டும் என்றால் ஜோடியும் வேண்டும், பல வம்சமும் வேண்டும். பரிசுக் கடிதத்தில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?

எங்கள் பூங்காவுக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பெரிய பல்லி ஒன்று பரிசாக வந்தது. பெட்டியின்மேல் ரிப்பன் கட்டியிருந்தது. என்ன தின்னும், எத்தனை டிகிரி சூடு வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆனால் கொடுத்தவர், வாங்கியவர், திறந்துவைத்தவர் பெயர்களோடு கிரானைட் கல் மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டது. சூடு விளக்கு வரவில்லை. நான் வீட்டிலிருந்து கோழிக்குஞ்சுக்குப் போடும் பல்பைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். அது பல்புக்கு நேர்கீழே வந்து, வயிற்றைத் தரையோடு தேய்த்துப் படுத்துக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி என் வேட்டி நுனியை மோப்பம் பிடித்தது.

தோப்புக்காரன்:
ஐயா, ஒற்றை விலங்கு விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். ஜோடியாக, சாப்பாட்டுப் பட்டியலோடு, கணக்கர் சொல்வதுபோல் திரும்பக் கேட்கும் உரிமையோடு கொடுக்கட்டும். ஆனால் கொடுக்கவே கூடாது என்பதை ஏற்கமாட்டேன். மொத்தமே சில ஆயிரம் டிராகன்கள். 2021-இல் அதை அழியும் ஆபத்துள்ள பட்டியலில் சேர்த்தார்கள். கடல்மட்டம் உயர்வதும் ஒரு காரணம். எல்லா முட்டையையும் அந்த நாலைந்து தீவுகளிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனமா?

வடிவு:
முட்டையை வேறிடத்தில் வைப்பதை நான் தடுக்கவில்லை, அண்ணா. எந்த முட்டை, எங்கே, எந்த நிபந்தனையில் என்று பேசும் மேசையில் அந்தக் கிராமத்துக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். நீங்கள் போட்ட மூன்று நிபந்தனையிலும் அது இல்லை.

தோப்புக்காரன்:
நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மயில் விஷயத்தில் மட்டும் தோற்றதாக ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கணக்கர்:
காப்பாளர் ஐயா, அந்தப் பல்லி என்ன ஆனது?

பழைய காப்பாளர்:
விளக்கு பதினோராம் நாள் வந்தது, தம்பி. அதன் பிறகு ஆறு ஆண்டு இருந்தது. கொடுத்த இடத்திலிருந்து ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்தக் கூண்டில் இப்போது முயல் வளர்க்கிறார்கள். கல் இன்னும் சுவரில் இருக்கிறது.